கேம்பர் வேனோடு பைக்கையும் கோத்தகிரிக்கு ஏற்றுவது எப்படி?

தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஃபோர்ஸ் டிராவலர், 3350 வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3350 மில்லிமீட்டர்), கரூரில் கொடுத்து உள்ளேயே சமைத்துத் தூங்குகிற கேம்பர் வேனாக மாற்றி வைத்திருக்கிறார். அவரும் மனைவியும் கோடையில் கோத்தகிரியில் சில வாரம் தங்கி நீலகிரியைச் சுற்ற வேண்டும், முடிந்தால் கொடைக்கானலும் போக வேண்டும். வீட்டில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் ஒன்று, மனைவியின் ஆக்டிவா ஸ்கூட்டர் ஒன்று. “ஹிமாலயனை வேனுக்குப் பின்னால் ஸ்டாண்ட் அடித்து ஏற்றலாமா அண்ணா, இல்லை சின்ன டிரெய்லர் இழுக்கலாமா? வெளிநாட்டில் எல்லாரும் அப்படித்தானே கொண்டுபோகிறார்கள்?” இதுதான் கேள்வி.

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தொங்கவிட வேண்டாம். டிரெய்லரும் வேண்டாம். ஆக்டிவாவை வேனுக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே வருகிற மாதிரி ஏற்றுங்கள். மேட்டுப்பாளையத்தில் அதை இறக்கி ஒருவர் ஓட்டி வாருங்கள், இன்னொருவர் வேனை ஓட்டட்டும். ஹிமாலயன்தான் வேண்டும் என்றால் அதை ரயிலில் கோவைக்கு அனுப்புங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கரூர்க்காரர் “அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார், நான் எத்தனை வண்டிக்கு அடித்திருக்கிறேன்” என்று சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்காது.

மலையில் இரண்டு சக்கரம் தேவை என்று நீங்கள் நினைத்தது சரிதான். கோத்தகிரி கடைவீதியில், குன்னூர் மார்க்கெட்டில், ஊட்டி சேரிங்கிராஸில் சீசன் நேரத்தில் டிராவலரை நிறுத்த இடம் தேடினால் அரை நாள் போய்விடும். லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் போகிற தேயிலைத் தோட்டச் சாலை குறுகலானது, எதிரில் ஒரு பஸ் வந்தால் வேனைப் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான். கொடைக்கானலில் வட்டக்கானல் இறக்கத்தில் வேனை விடவே விடாதீர்கள். ஆகவே வேன் ஒரு இடத்தில் நிற்க, ஊர் சுற்ற ஒரு பைக் என்பது நல்ல ஏற்பாடு. அந்த பைக் எந்த வழியாக மலை ஏறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஸ்டாண்ட் கணக்கைப் பார்ப்போம். ஹிமாலயன் 411 பெட்ரோலோடு 199 கிலோ. அதைத் தாங்குகிற இரும்பு ஸ்டாண்ட் 50 கிலோவுக்குக் குறையாது. ஆக 250 கிலோ. இது வேனுக்குள் இருந்தால் ஐந்து மூட்டை சிமெண்ட்தானே என்று தோன்றும். எடையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் அது உட்காரும் இடம் பின் அச்சிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் பின்னால். உங்கள் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3.35 மீட்டர். கடப்பாரை நெம்புகிற கதைதான்: பின் சக்கரம் அண்டைக் கல், பைக் நீங்கள் அழுத்துகிற முனை, அந்தப் பக்கம் தூக்கப்படுவது உங்கள் ஸ்டீயரிங் சக்கரங்கள்.

250-ஐ 2-ஆல் பெருக்கி 3.35-ஆல் வகுத்தால் சுமார் 150 கிலோ. அத்தனை எடை முன் அச்சிலிருந்து குறைந்துவிடும். பின் அச்சில் கூடுவது 250 இல்லை, 250-உம் 150-உம் சேர்த்து 400 கிலோ. கேம்பரில் ஏற்கெனவே கட்டில், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, அலமாரி எல்லாம் பின்பக்கம்தான் குவிந்திருக்கும். அதன் மேல் இந்த 400.

முன் சக்கரத்தில் 150 கிலோ குறைந்தால் என்ன ஆகும்? சென்னை–சேலம் நான்குவழிச் சாலையில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் மிதப்பாக இருக்கும், பக்கக்காற்றில் லேசாக அலையும், அவ்வளவுதான். மலையில் ஏறும்போது வண்டியே பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன் அச்சின் எடை இன்னும் கொஞ்சம் பின்னால் போகும். அந்த நிலையில் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கிறீர்கள். சாலை ஈரம். முன் டயர் திரும்பியிருக்கும், வண்டி திரும்பாமல் நேராக வழுக்கப் பார்க்கும். டிராவலர் பின்சக்கர இழுவை வண்டி என்பதால் ஏறுகிற இழுவைக்குக் குறை வராது, அதனால் ஓட்டுகிறவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். அதுதான் ஆபத்து. இழுவை இருக்கிறது, திருப்பம் இல்லை என்பது வளைவின் நடுவில்தான் தெரியவரும்.

வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கிறீர்களே, அந்த வண்டிகளின் கதை வேறு. ஐரோப்பாவில் பெரிய மோட்டார்ஹோம்களின் பின்பகுதியில் ஸ்கூட்டர் நிறுத்த ‘கராஜ்’ என்றே ஒரு அறை வைத்துக் கட்டுகிறார்கள், சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, அதற்கென்று நீட்டியிருப்பார்கள், பின் அச்சு எத்தனை தாங்கும் என்று எழுதியே கொடுத்திருப்பார்கள். அமெரிக்காவில் பின்னால் மாட்டும் கேரியர்கள் அந்த வண்டிகளின் சேஸியில் வருகிற இழுவைக் கொக்கியை நம்பிச் செய்தவை. நம் டிராவலர் ஆட்களை ஏற்றிப் போகச் செய்த வண்டி. அதன் பம்பருக்குப் பின்னால் எதையும் சுமக்க அதற்குச் சொல்லித்தரவில்லை.

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதில்லை: நீளம். ஹிமாலயன் 411-இன் நீளம் 2190 மில்லிமீட்டர். குறுக்கே நிறுத்தினால் ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர். உங்கள் வேனின் அகலத்தை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள், சுமார் 2 மீட்டர்தான் இருக்கும். ஆக பைக்கின் டயர் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு வரும். வளைவில் வேன் திரும்பும்போது அதன் வால் எதிர்ப்பக்கமாக வெளியே வீசும், பின்தொங்கல், அதாவது பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி, நீள நீள அந்த வீச்சும் கூடும். பர்லியாருக்கு மேலே வளைவில் அரசு பஸ் உங்கள் பக்கவாட்டில் ஒரு கை அகலத்தில் உரசாமல் இறங்கிப் போகும். அந்த ஓட்டுநர்கள் வேனின் அகலத்தைக் கண்ணால் கணக்குப் போட்டுத்தான் வருகிறார்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டயர் அவர்கள் கணக்கில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இன்னும் சிக்கல். மத்திய மோட்டார் வாகன விதி 93-இன்படி பின்தொங்கல் வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 2.01 மீட்டர். பாடியே ஏற்கெனவே பின்னால் நீண்டிருக்கும் வண்டியில் பைக் தாங்குகிற ஸ்டாண்டைச் சேர்த்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். சுமை பாடியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதோடு சுமையை இறக்கிவைக்கும் செலவும் உங்களுடையது. 2019 திருத்தத்தில் வந்தது இது. ஸ்டாண்டை நிரந்தரமாக வெல்டிங் செய்தால் அது பிரிவு 52-க்குள் வரும், ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற பிரிவு. இதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கறாராகச் சொல்லிவிட்டது. வழியில் போலீஸ் விட்டுவிடலாம், பலரை விடுகிறார்கள்தான். விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் போட்டோ எடுப்பது இந்த ஸ்டாண்டைத்தான்.

கேம்பராக மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் பைக் பற்றிப் பேசுவதற்கு முன் அதை முடியுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஸ்டாண்ட் அடிக்கத்தான் போகிறேன் என்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு பத்தி. சேஸியின் நீள உத்தரத்தில் வெல்டிங் வைக்காதீர்கள், சூடேறிய இடத்தில் இரும்பு பலமிழந்து நாளடைவில் கீறல் விடும். தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்குங்கள், போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். பம்பரிலோ பாடியிலோ மாட்டவே கூடாது. பின்கதவு திறக்கிறதா பாருங்கள், அது உங்கள் அவசர வழி. உள்ளே கேஸ் அடுப்பு வைத்துத் தூங்குகிற வண்டியில் அவசர வழியை பைக்கால் அடைப்பது பைத்தியக்காரத்தனம். சைலன்சர் வாய் பைக்கின் டயரைப் பார்த்து இருக்கக் கூடாது. நம்பர் பிளேட்டும் டெயில் லைட்டும் மறைந்தால் அவற்றை ஒரு பலகையில் ஏற்றி பைக்குக்குப் பின்னால் மாட்ட வேண்டும். அரவேணு பக்கம் மூடுபனி இறங்கினால் பின்னால் வருகிறவனுக்கு உங்கள் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். இதையெல்லாம் செய்தாலும் நான் முன்னே சொன்ன 150 கிலோ அப்படியேதான் இருக்கும்.

டிரெய்லரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடைப் பங்கீட்டில் அது ஸ்டாண்டை விட மேல், ஏனென்றால் சுமை அதன் சொந்தச் சக்கரத்தில் நிற்கிறது. ஆனால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும், தனி நம்பர் வேண்டும், விளக்கு இணைப்பு வேண்டும். மலையில் அதைவிடப் பெரிய தலைவலி, பின்னால் எடுப்பது. கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்து நின்றால் நீங்கள் பின்வாங்க வேண்டும், சின்ன டிரெய்லர் ஒரு விநாடியில் குறுக்கே மடங்கிக்கொள்ளும். பின்னால் இருபது கார் ஹாரன் அடிக்கும். கொடைக்கானல் பக்கம் 2024 நவம்பரிலிருந்து 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்குத் தடையும் இருக்கிறது. நீங்கள் அந்த நீளத்துக்கு வரமாட்டீர்கள் என்றாலும், மலைச்சாலையில் நீளத்தை எந்த அளவுக்கு வெறுக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, உள்ளே ஏற்றுவதற்கு வருவோம்.

ஆக்டிவா 6ஜி சுமார் 107 கிலோ. நீளம் 1.83 மீட்டர், உயரம் 1.16 மீட்டர். பின்கட்டிலை மடக்கும்படி செய்திருந்தால் அந்த இடத்திலேயே நிற்கும். இதன் நடுப்பகுதி பின் அச்சிலிருந்து 30 செ.மீ. பின்னால் வந்தால்கூட முன் அச்சில் குறைவது 10 கிலோ சுமார்தான். ஹிமாலயன் ஸ்டாண்டில் 150, ஆக்டிவா உள்ளே 10. ஒரு மீட்டர் எழுபது சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தியதும், பாதி எடையுள்ள வண்டியைத் தேர்ந்ததும், ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டதும் சேர்ந்து செய்த வேலை இது.

ஹிமாலயனை உள்ளே ஏற்ற முடியாதா என்று கேட்பீர்கள். ஏற்றலாம். 1.37 மீட்டர் உயரம், அகலமான ஹேண்டில்பார். நடைவழி முழுக்க அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது கேம்பர் வேன் இல்லை, பைக் ஏற்றிய லோடு வண்டி, நீங்கள் இருவரும் வெளியே லாட்ஜில் தூங்குவீர்கள்.

ஸ்கூட்டரை உள்ளே ஏற்ற பலகை வேண்டும். வேனின் தளம் 70 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் 2.1 மீட்டர் பலகை கிட்டத்தட்ட 20 டிகிரி சாய்வாக நிற்கும். இரண்டு பேர் இருந்தால் தள்ளிவிடலாம், ஆனால் வேர்க்கும். வழி எளிது: வேனின் பின்பக்கம் ஒரு மேட்டைப் பார்த்து வருகிற மாதிரி நிறுத்துங்கள். அந்த மேட்டில் பலகையை வைத்தால் சாய்வு பாதியாகிவிடும். மலையில் இதற்கு இடம் தேடவே வேண்டாம், எல்லா வீட்டு வாசலிலும் ஒரு மேடு இருக்கும். பலகையின் மேல்முனையை வேனோடு பெல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். சக்கரம் ஏறும் நேரத்தில் பலகை பின்னால் உதைத்துக்கொண்டு நழுவுவதுதான் கால் உடைகிற இடம்.

கட்டுவதில் நம் ஆட்கள் எல்லாரும் கயிற்றை நம்புகிறார்கள். கயிறு வேண்டாம், கைப்பிடியை ஆட்டி முடுக்குகிற ராட்செட் பெல்ட் நான்கு வாங்குங்கள். ஸ்கூட்டரை அதன் சைடு ஸ்டாண்டிலோ சென்டர் ஸ்டாண்டிலோ நிறுத்திக் கட்டாதீர்கள், சக்கரத்தில் நேராக நிற்க வேண்டும், முன்சக்கரம் ஒரு இரும்பு வாயில் சிக்கி நிற்கட்டும். முன்னால் இரண்டு பெல்ட் இருபக்கமும் சாய்வாகக் கீழே இழுத்து, ஃபோர்க் (முன்சக்கரத்தின் ஸ்பிரிங்) பாதி அமுங்கும் வரை முடுக்குங்கள். முழுசாக அமுக்கினால் குழியில் விழும்போது ஆயில் சீல் போகும். அமுக்காமலே விட்டால் வண்டி குதிக்கும்போது பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். பின்னால் இரண்டு பெல்ட் பிரேமில். பிளாஸ்டிக் பாகத்தில் எதுவும் படக் கூடாது. கொக்கி போய் மாட்டுகிற வளையம் தரையின் பிளைவுட்டில் இல்லாமல் அடியில் இருக்கும் இரும்பில் போல்ட் போட்டு இருக்க வேண்டும். கிளம்பி முதல் டீக்கடையில் நிறுத்தி ஒருமுறை எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள், கட்டாயம் ஒன்று தளர்ந்திருக்கும்.

பெட்ரோல்தான் உள்ளே ஏற்றுவதில் உள்ள உண்மையான ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவி கட்டிலுக்கு அடியில் தேங்கும். உங்கள் வேனில் கேஸ் அடுப்பு இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, ஃபிரிட்ஜின் ரிலே இருக்கிறது, எது வேண்டுமானாலும் ஒரு பொறியைக் கொடுக்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குத்தான். கீழே மூடிய டேங்கில் இருக்கும் ஆவி மேலே போகப் போக வெளியே வரத் தவிக்கும். வளைவில் ஆட ஆட இன்னும் வேகமாக. மலையடிவாரத்தில் ஸ்கூட்டரை இறக்கி ஓட்டி வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே சமவெளியில் கொண்டு வரும்போது டேங்கில் ஒரு லிட்டர் போதும். ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் தரை மட்டத்திலேயே வெளியே காற்றுப் போகிற துவாரம் வேண்டும், கூரை விசிறி இதற்கு உதவாது. ஸ்கூட்டர் உள்ளே இருக்கும்போது அடுப்பு பற்றவைக்கக் கூடாது, உள்ளே தூங்கவும் கூடாது. இரவு வேன் எங்கே நிற்கிறதோ அங்கே முதல் வேலை ஸ்கூட்டரை வெளியே இறக்குவது.

இதெல்லாம் செய்து முடித்ததும் ஒரு எடை மேடைக்குப் போங்கள். நெடுஞ்சாலையில் எங்கும் இருக்கிறது, வாங்குகிற காசும் சொற்பம். தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, நீங்கள் இருவரும் உட்கார்ந்து, முழு வண்டியை ஒருமுறை. முன்சக்கரம் மட்டும் மேடையில் இருக்க ஒருமுறை. பின்சக்கரம் மட்டும் ஒருமுறை. மொத்த எடை ஆர்.சி.யில் இருக்கும் அளவுக்குள் இருந்தால் மட்டும் போதாது, அச்சு வாரியாகவும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் இருக்க வேண்டும். கேம்பர் கட்டிய நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை. பின்பக்கம் அதிகம் காட்டினால் தண்ணீர்த் தொட்டியை முன்னால் மாற்றுங்கள். 100 லிட்டர் தொட்டி டிரைவர் சீட்டுக்குப் பின்னால், முன் அச்சிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால் அதில் 70 கிலோ முன் அச்சுக்குப் போகும். பைசா செலவில்லாத திருத்தம்.

ஒரே ஸ்கூட்டரில் இருவர் நீலகிரியில் ஏற முடியுமா என்ற சந்தேகம் வரும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்று எஞ்சின் சக்தி குறையும், அதனால் ஊட்டி உயரத்தில் 110 சிசி ஸ்கூட்டர் இருவரோடு முக்கித்தான் ஏறும். கோத்தகிரியிலிருந்து கோடநாடு, கேத்தரின் அருவி, குன்னூர் வரை போய்வர ஆக்டிவா போதும். தொட்டபெட்டா ஏற்றத்தில் பின்னால் உட்கார்ந்தவர் கொஞ்ச தூரம் நடந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. இங்கே தோட்டத்து ஆட்கள் ஸ்ப்ளெண்டரிலும் எக்ஸ்எல்லிலும் குடும்பத்தோடு போவதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். இறங்கும்போதுதான் கவனம்: ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு, முழு இறக்கமும் பிரேக்கில்தான். நீண்ட இறக்கத்தில் நடுவில் நிறுத்தி பிரேக் டிரம்மை ஆறவிட வேண்டும். ஹிமாலயனை இந்த ஒரு விஷயத்தில் நான் விரும்புவேன், கியரில் பிடித்துக்கொண்டு இறங்கும்.

அப்படி ஹிமாலயன்தான் என்றால் ரயில் பார்சல். சென்னை சென்ட்ரலிலிருந்து கோவைக்கு புக் செய்யலாம். ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல், டேங்கில் சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது, சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டித்தர பார்சல் அலுவலக வாசலிலேயே ஆட்கள் இருப்பார்கள். கண்ணாடியையும் விண்ட்ஷீல்டையும் கழற்றி வேனில் போட்டுக்கொள்ளுங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையம் வரை போகிறதுதான், ஆனாலும் பார்சலுக்கு கோவை பெரிய நிலையம் என்பதால் அங்கேயே இறக்கிக்கொள்வது நிம்மதி. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஓட்டி வந்துவிடலாம். கொடைக்கானலுக்கு என்றால் திண்டுக்கல்லில் இறக்குங்கள். கொடை ரோடு நிலையத்தில் வண்டி நிற்கிற நேரத்துக்குள் பைக்கை இறக்குவது பதற்றம்.

இனி மலை ஏறுகிற நாள். யார் எதை ஓட்டுவது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். டிராவலர் 7500 கிலோவுக்குக் கீழே என்பதால் இலகுரக வாகன உரிமம் போதும், உங்கள் மனைவி வேனை எடுத்துப் பழகியிருந்தால் அவர் வேன், நீங்கள் பைக் என்பதும் நடக்கும். மலையில் இருவருக்கும் வேகம் ஒத்துவராது. பைக் வேனுக்குப் பின்னாலேயே புகையைக் குடித்துக்கொண்டு வர வேண்டாம், முன்னால் போய் சொல்லிவைத்த இடத்தில் காத்திருக்கட்டும். கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை ஒன்று, அரவேணு ஒன்று. குன்னூர் சாலையில் பர்லியார், காட்டேரி. நடுவில் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது, அதனால் இடத்தைப் பேசி வைப்பது முக்கியம். பகலில் மட்டும் ஏறுங்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனையிலும் பர்லியாரிலும் யானை சாலைக்கு வரும். வேனில் இருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்திருக்கலாம், பைக்கில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. பைக் தனியாக நிற்காமல் ஏதாவது ஒரு வேனோ பஸ்ஸோ இருக்கிற இடமாகப் பார்த்து நிற்கட்டும்.

மே மாதம் என்றால் பெரும்பாலும் ஒருவழி ஆக்கிவிடுவார்கள்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது பர்லியார், குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. கோத்தகிரிக்கே போகிறவர் குன்னூரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும், குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவும் அதில் அடக்கம். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக் லைனர் கருகும் வாடை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடி போக மேப் கல்லட்டி வழியைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. பைக்கானாலும் வேனானாலும் கூடலூர் வழிதான்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4000, 6000 என்றும் எண்ணிக்கை வைத்தார்கள். பாஸுக்குக் காசு இல்லை. வேனுக்கு ஒன்று, இரு சக்கர வண்டிக்குத் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள், நீங்கள் இரண்டாகப் பிரிந்துதான் சோதனைச் சாவடியைத் தாண்டப் போகிறீர்கள். எடுப்பது வார நாளுக்காக இருக்கட்டும். சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவார்கள், வேன் தொட்டியில் நிரப்பி வைத்த தண்ணீர் அப்போது கைகொடுக்கும்.

தங்குவது காட்டோரத்தில் சாலையில் நிறுத்தி என்று கனவு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வனத்துறை எழுப்பிவிடும், அதற்கு முன்னால் கரடி வந்தாலும் வரும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடிக்கு சமையல் எண்ணெய் வாடை நன்றாகப் பிடிபடும், காட்டெருமை இரவில் தெருவிலேயே நிற்கும். வாசலில் இடமுள்ள ஒரு தங்கும் விடுதியில் பேசி, நாள் வாடகைக்கு வேனை உள்ளே விடுங்கள். கேட்கும்போதே வேனின் நீளத்தையும் உயரத்தையும் சொல்லிவிடுங்கள், கேட்டில் நுழைகிற இறக்கம் எப்படி என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். மலை வீட்டு வாசல்கள் சாலையிலிருந்து சடாரென்று இறங்கும், பின்தொங்கல் நீளமான வண்டியின் வால் அங்கேதான் தரையில் இடிக்கும்.